எழுபத்திரண்டு மணி நேரம்: அவசரக் கருத்தடை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துணை சுகாதார நிலையத்தில் செவிலியராக இருந்த காலத்தில் தடுப்பூசி நாளன்று ஒன்றைக் கவனித்திருக்கிறேன். கூட்டமெல்லாம் கலைந்த பிறகும் யாராவது ஒருத்தி வாசற்படியிலேயே நிற்பாள். "அக்கா, ஒன்று கேட்க வேண்டும்" என்று ஆரம்பிப்பாள். விஷயத்துக்கு வருவதற்குள் பத்து நிமிடம் ஓடிவிடும். அதைவிட வருத்தம், அவள் என்னிடம் வந்து சேர்ந்ததே நான்கைந்து நாள் கழித்துத்தான் என்பது. முதல் நாளே கேட்டிருந்தால் ஒரு மாத்திரையில் முடிந்திருக்கும்.

அப்படிக் கேட்கப்பட்ட கேள்விகளையே இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்களின் சொற்களைக் கூடியவரை மாற்றவில்லை. உங்களுக்கு இப்போதே அவசரம் என்றால் மூன்றாவது கேள்வியிலிருந்து படியுங்கள். மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

1. அவசரக் கருத்தடை மாத்திரை என்கிறார்களே, தினமும் சாப்பிடும் கருத்தடை மாத்திரையும் அதுவும் ஒன்றுதானா?

ஒன்றல்ல, ஆனால் உறவு உண்டு. இரண்டிலும் இருப்பது பெரும்பாலும் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன். அரசு தரும் மாலா-என் மாத்திரை ஒன்றில் அது 0.15 மில்லிகிராம் இருக்கும், கூடவே இன்னொரு ஹார்மோனும் இருக்கும். அவசர மாத்திரையில் லெவோநார்ஜெஸ்ட்ரல் மட்டும் 1.5 மில்லிகிராம். அதாவது பத்து மடங்கு, ஒரே வேளையில். கடைகளில் ஐ-பில், அன்வான்டெட்-72 போன்ற பெயர்களில் வருகிறது. அரசின் குடும்ப நலத் திட்டத்தில் அதன் பெயர் ஈஸி பில்.

எப்போது அவசரம்? ஆணுறை கிழிந்தாலோ கழன்றாலோ அவசரம்தான். மாலா-என் மாத்திரையைத் தொடர்ந்து மூன்று நாள் மறந்துவிட்டவளுக்கும், அந்தரா என்ற கருத்தடை ஊசி போட வேண்டிய நாளை ஒரு மாதத்துக்கு மேல் தாண்டிவிட்டவளுக்கும், எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் உறவு நடந்துவிட்டவளுக்கும் அவசரம். விருப்பமில்லாமல் நடந்திருந்தால் அது இரட்டை அவசரம். அதைப் பற்றி 18-ஆம் கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

2. இது வயிற்றில் வந்த கருவைக் கலைத்துவிடும் என்கிறார்கள். பாவம் இல்லையா அக்கா?

கலைக்காது. கருத்தடை, கருக்கலைப்பு என்று நம் மொழியே இரண்டையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. ஒன்று கரு உண்டாகாமல் தடுப்பது, மற்றது உண்டான கருவைக் கலைப்பது. இந்த மாத்திரை முதல் வகை மட்டுமே.

உடலுக்குள் நடப்பது இதுதான். உறவு முடிந்த அந்த நிமிடமே யாரும் கருத்தரித்துவிடுவதில்லை. விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு காத்திருக்கும். சினைப்பையிலிருந்து முட்டை வெளிவந்து அதைச் சந்தித்தால்தான் கரு. அவசர மாத்திரை அந்த முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது. காத்திருந்த விந்தணுக்கள் அதற்குள் செத்துப்போகின்றன. முட்டை ஏற்கெனவே வெளிவந்துவிட்டதென்றால் மாத்திரையால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. கரு தங்கிவிட்டதென்றால் அதை ஒன்றும் செய்யாது.

கருவைக் கலைக்கப் பயன்படுபவை மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் என்ற வேறு மருந்துகள். அவற்றை மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும். இந்த இரண்டு வகையையும் மருந்துக்கடைக்காரர்களே குழப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். பெயர் தெரியாமல் "கலைக்கிற மாத்திரை" என்று கேட்டு வாங்கிவிடாதீர்கள்.

3. எத்தனை நாளுக்குள் சாப்பிட வேண்டும்? கணக்கு எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

நாள் கணக்கு பார்க்காதீர்கள், மணிக் கணக்கு பாருங்கள். உறவு நடந்த நேரத்திலிருந்து 72 மணி நேரம். சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு நடந்தது என்றால் செவ்வாய்க்கிழமை இரவு பதினொரு மணிக்கு 72 மணி நேரம் முடிகிறது.

ஆனால் செவ்வாய் இரவு வரை நேரம் இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடக் கூடாது. 1998-இல் லான்செட் மருத்துவ இதழில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு ஒன்று வெளிவந்தது. வந்திருக்கக்கூடிய கர்ப்பங்களில், முதல் 24 மணி நேரத்துக்குள் மாத்திரை எடுத்தவர்களிடம் நூற்றுக்கு 95 தடுக்கப்பட்டன. இரண்டாம் நாள் எடுத்தவர்களிடம் 85. மூன்றாம் நாள் 58. நான் எல்லோரிடமும் சொல்வது இந்த மூன்று எண்களைத்தான். தயக்கத்தில் போகும் ஒவ்வொரு இரவும் இந்தக் கணக்கில் கழிகிறது.

72 மணி தாண்டிவிட்டதா? 120 மணி நேரம், அதாவது ஐந்து நாள் வரை மாத்திரை ஓரளவு வேலை செய்யலாம். அந்த நிலையில் கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி மேலான வழி. எட்டாவது கேள்வியைப் பாருங்கள்.

4. எப்படிச் சாப்பிடுவது? சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா?

கையில் கிடைத்தவுடன், தண்ணீரோடு. வயிறு காலியாக இருந்தாலும் பரவாயில்லை. குமட்டல் வரும் உடம்பு என்றால் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு விழுங்குங்கள். அட்டையில் 1.5 மில்லிகிராம் மாத்திரை ஒன்று இருந்தால் ஒன்று. 0.75 மில்லிகிராம் மாத்திரை இரண்டு இருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் விழுங்கலாம். பன்னிரண்டு மணி நேரம் விட்டு இரண்டாவதைச் சாப்பிடுவது பழைய முறை; அதில் பலர் இரண்டாவதை மறந்துவிடுவார்கள்.

5. மெடிக்கலில் கேட்டால் தமிழ்நாட்டில் இதற்குத் தடை என்கிறார். உண்மையா?

உண்மை இல்லை. இந்த மாத்திரையை மருந்துச்சீட்டு இல்லாமலேயே விற்கலாம் என்று மத்திய அரசு 2005-இல் அனுமதித்தது. தமிழ்நாட்டில் இதை விற்கக் கூடாது என்று சட்டம் எதுவும் கிடையாது. ஆனாலும் நம் மாநிலத்தில் பல ஆண்டுகளாகப் பெரும்பாலான மருந்துக்கடைகள் இதை வாங்கி வைப்பதே இல்லை. செய்தித்தாள்கள் திரும்பத் திரும்ப எழுதிவிட்டன. பெங்களூரில் தெருமுனைக் கடையில் கிடைக்கும் மாத்திரைக்காக இங்கே ஒரு பெண் நான்கு கடை ஏறி இறங்கி, நான்கு பேரின் பார்வையைத் தாங்க வேண்டியிருக்கிறது. எனக்கு இதில் தீராத கோபம் உண்டு.

என்ன செய்யலாம்? அரசு மருத்துவமனையில் மகப்பேறு பிரிவு இரவும் பகலும் இயங்கும். அங்கே போய் "அவசரக் கருத்தடை வேண்டும்" என்று அதே சொற்களில் கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேட்கலாம். தனியார் மகளிர் மருத்துவரிடம் சீட்டு வாங்கினால் பெரிய மருத்துவமனைகளோடு சேர்ந்த மருந்தகங்களில் கிடைக்க வாய்ப்பு அதிகம். வெளியே போகவே முடியாத நிலை என்றால் 104 என்ற அரசு மருத்துவ ஆலோசனை எண்ணை அழைத்து, பக்கத்தில் எங்கே போகலாம் என்று கேளுங்கள்.

இணையத்தில் வாங்கலாம் என்று நினைத்தால், பொட்டலம் வந்து சேரும் நாளைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். நான்காம் நாள் வரும் மாத்திரையால் இந்த முறை பெரிய பயன் இல்லை.

6. எங்கும் கிடைக்கவில்லை. வீட்டில் மாலா-என் அட்டைதான் இருக்கிறது. அதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். அவசர மாத்திரை தனியாக வருவதற்கு முன்பு மருத்துவர்கள் கையாண்ட முறையே அதுதான். உறவு நடந்த 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு சீக்கிரம், நான்கு ஹார்மோன் மாத்திரைகளை ஒரே வேளையில் சாப்பிட வேண்டும். சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து இன்னும் நான்கு. மொத்தம் எட்டு.

இதில் தவறு நேரும் இடம் ஒன்று உண்டு. மாலா-என் அட்டையில் 28 மாத்திரைகள் இருக்கும். அவற்றில் 21 மட்டுமே ஹார்மோன். வேறு நிறத்தில் கடைசி வரிசையில் இருக்கும் ஏழும் இரும்புச் சத்து மாத்திரைகள். அவற்றை எட்டு சாப்பிட்டாலும் எண்பது சாப்பிட்டாலும் கருத்தடை ஆகாது. உங்களிடம் இருப்பது வேறு கருத்தடை மாத்திரை என்றால் இந்த எண்ணிக்கை பொருந்தாமல் போகலாம். அட்டையின் பின்பக்கம் லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராம், எத்தினைல் ஈஸ்ட்ரடையால் 0.03 மில்லிகிராம் என்று இருந்தால்தான் நான்கு, நான்கு.

குமட்டலும் வாந்தியும் இந்த முறையில் அதிகம், பலனும் தனி மாத்திரையைவிடக் குறைவு. ஆகவே தனி மாத்திரை கிடைக்காதபோது மட்டும் இதைச் செய்யுங்கள். பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர்கள், காலில் ரத்தம் கட்டிய அனுபவம் உள்ளவர்கள், பார்வை மங்கி வரும் ஒற்றைத் தலைவலிக்காரர்கள், கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

7. சாயா மாத்திரை இருக்கிறது. போன திருவிழாவுக்கு நாள் தள்ளிப்போட வாங்கிய மாத்திரையும் மிச்சம் இருக்கிறது. அது ஆகுமா?

இரண்டும் ஆகாது. சாயா என்பது ஹார்மோன் இல்லாத மாத்திரை. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்தது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று என்று ஒழுங்காக எடுத்தால் நல்ல கருத்தடை. நடந்து முடிந்த உறவுக்கு அது உதவாது.

கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மாதவிலக்கைத் தள்ளிப்போட வாங்குவது நோரெத்திஸ்டிரோன். அதைச் சாப்பிட்டுவிட்டு "கருத்தடை செய்துகொண்டேன்" என்று நிம்மதியாக இருந்த இரண்டு பேர் பின்னால் கர்ப்பமாக என்னிடம் வந்தார்கள். அந்த மாத்திரை நாளையும் தள்ளிவிடுவதால் கர்ப்பம் தெரிவதே தாமதமாகிறது. இரட்டை நஷ்டம்.

8. நான்கு நாள் ஆகிவிட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும். ஐந்து நாளுக்குள் காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம். அவசரக் கருத்தடைகளிலேயே மிக உறுதியானது அதுதான். நூற்றுக்கு 99-க்கும் மேல் கர்ப்பத்தைத் தடுக்கும். தாமிரம் விந்தணுவைச் செயலிழக்கச் செய்கிறது. உடல் எடை, வேறு மருந்துகள் எதுவும் அதன் பலனைக் குறைப்பதில்லை.

அரசு மருத்துவமனைகளில் இலவசம். போடுவதற்குச் சில நிமிடங்கள்தான் ஆகும், அப்போது அடிவயிற்றில் இழுத்துப் பிடிப்பது போல வலிக்கும். முதல் சில மாதங்களில் மாதவிலக்கு கொஞ்சம் அதிகமாகப் படலாம். 380-ஏ வகை பத்து ஆண்டு வரை பாதுகாக்கும். குழந்தை வேண்டுமென்றால் எந்த மாதமும் எடுத்துவிடலாம். முதல் நாளே வந்தவர்களிடம்கூட, "உனக்கு இன்னும் சில ஆண்டுகளுக்குக் குழந்தை வேண்டாமா? அப்படியானால் மாத்திரைக்குப் பதில் இதையே யோசி" என்றுதான் சொல்வேன். ஒரே வேலையில் இரண்டு காரியம் முடிந்துவிடுகிறது.

9. மாத்திரை சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் வாந்தி எடுத்துவிட்டேன்.

இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் மாத்திரை உடலில் சேரவில்லை என்றே வைத்துக்கொண்டு இன்னொரு மாத்திரை எடுக்க வேண்டும். சில மருத்துவர்கள் மூன்று மணி நேரம் என்பார்கள். அதையே பின்பற்றினாலும் தவறில்லை. அதற்குப் பிறகு வந்த வாந்தியால் பாதிப்பு இல்லை. திரும்பத் திரும்ப வாந்தி என்றால் மருத்துவரிடம் வாந்தி மாத்திரை கேட்டு, அதைச் சாப்பிட்டு அரை மணி, ஒரு மணி நேரம் கழித்து இதை எடுங்கள்.

10. மாத்திரை சாப்பிட்ட நாலாவது நாள் ரத்தம் பட்டது. அப்படியென்றால் மாத்திரை வேலை செய்துவிட்டதுதானே?

இந்த ஒரு நம்பிக்கையால் ஏமாந்தவர்கள் அதிகம். மாத்திரைக்குப் பிறகு துளித்துளியாகப் படுவது ஹார்மோனின் விளைவு. அது மாதவிலக்கும் அல்ல, மாத்திரை பலித்ததற்கு அடையாளமும் அல்ல. படவே இல்லை என்றால் பலிக்கவில்லை என்றும் பொருள் இல்லை.

உங்கள் வழக்கமான மாதவிலக்கு எப்போது வர வேண்டுமோ, அதற்கு ஒரு வாரம் முன்னே பின்னே வரும். தலைவலி, மார்பில் கனம், அயர்ச்சி, குமட்டல் ஆகியவை ஓரிரு நாளில் அடங்கிவிடும். வர வேண்டிய நாளிலிருந்து ஏழு நாளுக்கு மேல் தள்ளிப்போனால் சிறுநீர்ச் சோதனை செய்யுங்கள். நாள் ஒழுங்கில்லாதவர்கள் உறவு நடந்து மூன்று வாரம் கழித்துச் செய்தால் முடிவு தெளிவாகத் தெரியும். சோதனை அட்டை கிராம சுகாதார செவிலியரிடம் இலவசமாகவே கிடைக்கும்.

அடிவயிற்றில் ஒரு பக்கம் கடுமையாக வலித்து, மயக்கம் வருவது போல இருந்தால் வீட்டில் காத்திருக்கக் கூடாது. கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருக்கிறதா என்று அன்றே பார்க்க வேண்டும். மாத்திரை அந்த ஆபத்தை உண்டாக்குவதில்லை. ஆனால் மாத்திரை சாப்பிட்டாயிற்றே என்று நினைத்து அந்த வலியை அலட்சியம் செய்துவிடும் ஆபத்து இருக்கிறது.

11. போன மாதம் ஒன்று, இந்த மாதம் ஒன்று சாப்பிட்டுவிட்டேன். பின்னால் குழந்தையே பிறக்காமல் போய்விடுமா?

போகாது. மாத்திரையின் ஹார்மோன் சில நாட்களில் உடலை விட்டு நீங்கிவிடும். அடுத்த மாதமே கருத்தரிக்க முடியும். சொல்லப்போனால் அதே மாதத்தில்கூட முடியும். அது அடுத்த கேள்வி.

ஒரே மாதவிலக்குச் சுற்றில் இரண்டு முறை தேவைப்பட்டாலும் எடுக்கலாம், உடலுக்கு ஆபத்து இல்லை. இருந்தாலும் இதையே வழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்கிறேன். மாதவிலக்கு தாறுமாறாகும், தினசரி மாத்திரை, ஊசி, காப்பர்-டி தரும் உறுதியும் இதில் இல்லை. மாதா மாதம் அவசரம் வருகிறதென்றால் உங்களுக்கு ஒரு நிலையான முறை வேண்டும். அதை உங்கள் ஊர்ச் செவிலியரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

12. வெள்ளிக்கிழமை மாத்திரை சாப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் சேர்ந்தோம். வெள்ளிக்கிழமை சாப்பிட்டது இதற்கும் போதும்தானே?

போதாது. மாத்திரை முட்டையைத் தள்ளித்தான் போட்டது என்று இரண்டாவது பதிலில் சொன்னேன் அல்லவா? தள்ளிப்போன முட்டை சில நாள் கழித்து வெளிவரலாம். அந்த நேரத்தில் புதிதாக வந்த விந்தணு காத்திருந்தால் கரு தங்கும். "மாத்திரை சாப்பிட்டும் நின்றுவிட்டது" என்று வருகிறவர்களிடம் நிதானமாக விசாரித்தால், பலரிடம் இந்த ஞாயிற்றுக்கிழமைக் கதைதான் இருக்கும்.

ஆகவே மாத்திரைக்குப் பிறகு அடுத்த மாதவிலக்கு வரும் வரை ஒவ்வொரு முறையும் ஆணுறை. லெவோநார்ஜெஸ்ட்ரல் சாப்பிட்ட மறுநாளே மாலா-என் தொடங்கவும் செய்யலாம். தொடங்கி ஏழு நாள் வரை ஆணுறை கூடவே வேண்டும்.

13. பாதுகாப்பான நாளில்தான் சேர்ந்தோம். அவரும் வெளியேதான் விட்டார். அப்படியும் மாத்திரை வேண்டுமா?

குழந்தை வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தால் வேண்டும். முட்டை எந்த நாளில் வெளிவரும் என்பது மன உளைச்சல், காய்ச்சல், பயணம் எல்லாவற்றாலும் முன்பின் ஆகும். 28 நாள் கணக்கு எல்லோர் உடலுக்கும் பொருந்தாது. வெளியே விடுவதற்கு முன்பு கசியும் நீரிலும் விந்தணு இருக்கக்கூடும். இந்த இரண்டையும் நம்பி மூன்றாவது பிள்ளை பெற்றவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

14. குழந்தைக்கு ஐந்து மாதம். பால் கொடுக்கிறேன். மாத்திரை சாப்பிட்டால் பாலில் கலந்துவிடாதா?

லெவோநார்ஜெஸ்ட்ரல் சாப்பிடலாம், பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். மிகச் சிறிதளவே பாலில் சேரும்; குழந்தைக்குத் தீங்கு செய்யாது. மனம் ஒப்பவில்லை என்றால் பால் கொடுத்து முடித்த கையோடு மாத்திரையை விழுங்குங்கள். மாலா-என் முறை மட்டும் உங்களுக்கு வேண்டாம்.

பிரசவமாகி மூன்று வாரத்துக்குள் என்றால் மாத்திரையே தேவைப்படாது. ஆறு மாதத்துக்குள், தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால் கருத்தரிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் இரவில் புட்டிப்பால், பகலில் தாய்ப்பால் என்று கொடுக்கிறவளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

15. வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். சேர்த்துச் சாப்பிடலாமா?

ஆபத்து இல்லை, ஆனால் அவசர மாத்திரையின் பலன் குறைந்துபோகும். கார்பமாசெபைன், ஃபெனிடாய்ன், ஃபெனோபார்பிட்டால் போன்ற வலிப்பு மருந்துகள், காசநோய்க்கான ரிஃபாம்பிசின், எச்.ஐ.வி.க்கான எஃபாவிரென்ஸ் ஆகியவை ஹார்மோனை உடலிலிருந்து வேகமாக வெளியேற்றிவிடும். இவர்களுக்குக் காப்பர்-டிதான் முதல் தேர்வு. முடியாதபோது மருத்துவர்கள் இரட்டை அளவு, அதாவது 3 மில்லிகிராம், தருவதுண்டு. வலிப்பு மாத்திரையையும் காசநோய் மாத்திரையையும் ஒரு வேளைகூட நிறுத்திவிடாதீர்கள்.

உடல் எடை அதிகம் உள்ளவர்களுக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரலின் பலன் குறையலாம். 70 கிலோவுக்கு மேல் என்றால் காப்பர்-டி பற்றியும் இரட்டை அளவு பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். வேறு வழி இல்லையென்றால், எடை அதிகம் என்பதற்காக மாத்திரையைச் சாப்பிடாமல் விட்டுவிடாதீர்கள்.

16. எள்ளுருண்டை, பப்பாளி சாப்பிட்டால் போதும் என்று மாமியார் சொல்கிறார். உடனே கழுவிவிட்டால் போதும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார்.

எள்ளும் பப்பாளியும் நல்ல உணவு, சாப்பிடுங்கள். அவை கருத்தரிப்பைத் தடுப்பதில்லை. கழுவுவதும், குதிப்பதும், உடனே சிறுநீர் கழிப்பதும் தடுப்பதில்லை. விந்தணு நிமிடங்களில் கருப்பை வாயைத் தாண்டிவிடுகிறது. உள்ளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் புண்ணும் தொற்றும்தான் வரும். இவற்றை நம்பி உட்காரும் நேரம்தான் உண்மையான இழப்பு.

17. எனக்குத் திருமணம் ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டால் வீட்டுக்குச் சொல்லிவிடுவார்களா?

பதினெட்டு வயது நிறைந்துவிட்டால் உங்கள் சிகிச்சை உங்கள் விஷயம். கணவர் பெயரோ தாலியோ காட்டத் தேவை இல்லை, பெற்றோருக்குத் தெரிவிக்கும் உரிமையும் மருத்துவருக்கு இல்லை. தேவையற்ற கேள்வி கேட்டால், "கடைசி மாதவிலக்கு தேதி, உறவு நடந்த நேரம், நான் சாப்பிடும் மருந்துகள், இந்த மூன்றையும் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். மருத்துவத்துக்கு வேண்டியது முக்கியமாக இவைதான். முகம் சுளிக்கும் செவிலியர்கள் உண்டு. என் தொழிலைச் சேர்ந்தவர்கள் அப்படி நடப்பதற்கு நான் வெட்கப்படுகிறேன். அந்த முகத்துக்காக நீங்கள் வெறுங்கையோடு திரும்பிவிடாதீர்கள்.

பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, மருத்துவர் காவல்துறைக்குத் தகவல் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். அதற்காகச் சிகிச்சையை மறுக்க முடியாது. துணைக்கு நம்பகமான பெரியவர் ஒருவரை, அத்தையோ ஆசிரியையோ, அழைத்துச் செல்லுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலும் பேசலாம்.

18. தங்கைக்கு நடக்கக் கூடாதது நடந்துவிட்டது. புகார் கொடுக்காமல் மாத்திரை தருவார்களா?

முதலில் சிகிச்சை. பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் உடனடியாக, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம். "எஃப்.ஐ.ஆர். கொண்டுவாருங்கள்" என்று திருப்பி அனுப்பக் கூடாது. மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் சொல்லும். ஆனால் சிகிச்சைக்கு அது நிபந்தனை அல்ல. அவசரக் கருத்தடை அந்தச் சிகிச்சையின் ஒரு பகுதி.

இன்னொரு 72 மணி நேரக் கணக்கும் இங்கே ஓடுகிறது. கருத்தடை மாத்திரை எச்.ஐ.வி.யையோ மற்ற பால்வினை நோய்களையோ தடுக்காது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். பெரிய அரசு மருத்துவமனைகளில் கிடைக்கும், வாய்விட்டுக் கேளுங்கள். முடிந்தால் குளிக்காமல், அன்று உடுத்திய உடையை ஒரு காகிதப் பையில் எடுத்துக்கொண்டு போங்கள். குளித்துவிட்டாலும் பரவாயில்லை, போங்கள். 181 பெண்கள் உதவி எண் எந்த நேரமும் இயங்கும். தங்கையைத் தனியாக விடாதீர்கள். ஏன் போனாய், எதற்குப் போனாய் என்று யாரையும் அவளிடம் கேட்கவும் விடாதீர்கள்.

19. மாத்திரை சாப்பிட்டும் நின்றுவிட்டது. பிறக்கும் குழந்தைக்குக் குறை ஏதாவது வருமா?

வராது. அந்த மாத்திரை சாப்பிட்டதால் குழந்தைக்கு ஊனம் ஏற்படுவதாகச் சான்று எதுவும் இல்லை. பெற்றுக்கொள்ள விரும்பினால் பயமில்லாமல் பதிவு செய்யுங்கள்.

வேண்டாம் என்றால், 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவுபெற்ற மருத்துவர் மூலம் கருக்கலைப்பு செய்துகொள்ள முடியும். 2021-இல் வந்த திருத்தத்தின்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். கருத்தடை முறை தவறியதும் சட்டம் ஏற்றுக்கொண்ட காரணம்தான், திருமணம் ஆகாதவருக்கும் அது பொருந்தும். பதினெட்டு வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். கணவர் கையெழுத்து சட்டம் கேட்பது அல்ல. மாத்திரையால் கலைப்பது ஒன்பது வாரம் வரைதான். ஆகவே நாள் தள்ளியது தெரிந்தவுடன் போங்கள். நாட்டு மருந்து, கடை மருந்து எதையும் தனியாக முயன்று பார்க்காதீர்கள். அதனால் ரத்தம் நிற்காமல் 108-இல் ஏற்றி அனுப்பிய பெண்களை நான் மறக்கவில்லை.

20. நான் கணவன். அவளுக்குப் பதிலாக நான் போய் வாங்கி வரலாமா?

இந்தக் கேள்வியை இத்தனை ஆண்டில் மிகச் சிலரே கேட்டிருக்கிறார்கள். கேட்ட ஒவ்வொருவரையும் நினைவில் வைத்திருக்கிறேன். வாங்கி வரலாம், தடை ஏதும் இல்லை. போவதற்கு முன் அவளிடம் நான்கு விஷயம் கேட்டுக்கொண்டு போங்கள்: கடைசி மாதவிலக்கு தேதி, உறவு நடந்த நேரம், உடல் எடை, அவள் சாப்பிடும் மருந்துகள். முக்கியமாக, அவளுக்கு விருப்பமா என்று கேளுங்கள். அவளுக்குத் தெரியாமல் காபியில் பொடித்துப் போட்டுக் கொடுத்த ஒருவரையும் நான் பார்த்திருக்கிறேன். அது அக்கறை அல்ல, வன்முறை.

21. முன்கூட்டியே ஒன்று வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. நம் மாநிலத்தில் கிடைக்கும் லட்சணத்துக்கு அதைத்தான் செய்யச் சொல்வேன். வெளி மாநிலத்துக்குப் போகும்போதோ மருத்துவரிடம் வேறு காரணத்துக்காகப் போகும்போதோ ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வெயிலும் ஈரமும் படாத இடத்தில், அட்டையிலிருந்து பிரிக்காமல் வையுங்கள். காலாவதித் தேதியை அட்டையின் மேல் பெரிதாக எழுதிவிடுங்கள். ஒரு சின்னத் தாளில் "72 மணி நேரம், சீக்கிரம் நல்லது, வாந்தி வந்தால் மறுபடியும்" என்று குறித்து அதோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டுவிடுங்கள். அவசரம் பெரும்பாலும் இரவில்தான் வரும். அந்த நேரத்தில் படித்ததெல்லாம் நினைவுக்கு வராது.